மூன்று மணி பன்னிரண்டு நிமிடம், தவிடு இரண்டு படி

எனக்குக் கணக்கு வராது. இதை வெளியே சொல்லத் தலை முழுக்க நரைக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் பாதிப் பேர் என்னைக் கணக்குப் புலி என்று நம்பியபடியே செத்தும் போய்விட்டார்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எங்கள் ஊரான உறுவையாற்றில் பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், பெண்களுக்கு ஒன்று. எங்களுக்குப் பின்னமும் பரப்பளவும் நடந்தன. பெண்கள் பள்ளியில் கூட்டல் கழித்தல் முடிந்ததும் கையில் ஊசி நூலைக் கொடுத்துவிடுவார்கள். (இரண்டு வயது மூத்த என் அக்கா கனகம் தைத்த கைக்குட்டை, நாலு மூலையும் நாலு திசைக்கு இழுக்கும்.) ஆனால் என் கணக்குப் புத்தகத்தை நான் வாசித்தால் போதும், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சிலேட்டில் விடை போட்டுவிடுவாள். நான் நோட்டில் காப்பியடிப்பேன். வகுப்பில் நான்தான் முதல்.

அன்றைக்குத் தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் தொட்டியை நாலு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினாறு மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்? அக்கா போட்டாள். சிலேட்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பட்டணத்திலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரான வெள்ளைக்காரத் துரை வந்தார். வாத்தியார் பெருமையோடு என்னை எழுப்பினார். நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று வாசித்தேன்.

"மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். தவிடு ரெண்டு படி, புண்ணாக்கு ஒரு படி."

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. கொல்லையிலிருந்து அம்மா சொன்ன அளவை அக்கா மறக்காமலிருக்க விடைக்குக் கீழே குறித்திருக்கிறாள். துரைக்குப் புண்ணாக்கைப் பிரெஞ்சில் விளக்க வாத்தியார் பட்ட பாடு சொல்லி மாளாது.

துரை சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"உங்க வூட்ல மாட்டுக்குத் தவிடு கலக்கறது யாருடா?" என்றார் வாத்தியார்.

"அக்காங்க."

"கணக்கப் போட்டதும் அவதானா? அப்படின்னா அவள பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க எழுதறேன்னு தொரை சொல்றாரு. பயப்படாம சொல்லுடா."

பின்பெஞ்சில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"அவளுக்கு இன்னாங்க தெரியும்? நான் கணக்குப் போட்டுகினு இருந்தப்ப பக்கத்துல தவிடு தவிடுன்னு கத்திகினே இருந்தா. கை தவறிப் பூட்டுச்சு."

வாத்தியார் உடனே நம்பினார். அவருக்கும் அதுதான் சுலபமாக இருந்தது. துரை நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

செய்தி எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது. "படிக்கிற புள்ளகிட்ட உனக்கு இன்னாடி வேல?" என்று அப்பா அவள் சிலேட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். நான் வாய் திறப்பேன் என்று அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டணத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரே வருடத்தில் கணக்கில் தோற்றுத் திரும்பினேன். (தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டோம்.) அக்காவை மதகடிப்பட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது குறுக்கே பேசினால் "தவிடு ரெண்டு படி" என்பார்கள். அந்தச் சிரிப்பில் முட்டாள் அக்காதான். போன பொங்கலுக்கும் சொன்னார்கள், அவளும் கூடச் சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன்.

"அக்காவ வுட்டுக்கொடுக்க மாட்டாரு தாத்தா" என்று பேரப்பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கணக்கு சரியா இருந்துச்சாடா?" என்றாள்.

அதைக்கூட நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.