எத்தனை லூமன்?

ஆராய்ச்சிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் தேடாதீர்கள், அங்கே கிடைக்க மாட்டார். உங்கள் தெருவிலேயே இருப்பார். ஒரு பொருளை வாங்குவது என்று முடிவு செய்த நாளிலிருந்து அதை வாங்காமலே இருப்பதுதான் இவருடைய முழுநேர வேலை. மிக்சி கெட்டுப்போனால் ஆறு மாதம் மனைவியை அம்மியில் அரைக்கவிட்டு, பக்கத்தில் நின்று மோட்டாரின் வாட் கணக்கை விளக்குவார். கோபப்பட முடியுமா? நம் நன்மைக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறார்!

எங்கள் திண்டிவனத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி பாண்டுரங்கன். வேலை விழுப்புரத்தில். விடிகாலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மடக்கு சைக்கிளில் போவார். அங்கே அதை இரண்டாக மடித்துப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி, விழுப்புரத்தில் இறக்கி விரித்து, ஆபீசுக்கு மிதிப்பார். ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை பிறந்ததும் ஐந்தரை மணிக்குத் தெரு கும்மிருட்டாக இருந்தது.

"ஏங்க, இருட்டுல போறீங்க. ஒரு லைட்டு வாங்கி மாட்டிக்கினு போங்க" என்றார் அவர் மனைவி காந்திமதி.

அவர் சொன்னது ஒரு லைட்டு. பாண்டுரங்கன் அன்றைக்கே நாற்பத்தொரு லைட்டுகளைக் கைபேசியில் குறித்துவைத்தார். வெளிச்சத்தை லூமனில் அளக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், கீழே விழுந்தால் எத்தனை துண்டாகும் என்று அட்டவணை போட்டார். நன்றாக இருக்கிறது என்று எழுதிய ஆயிரம் பேரை ஒதுக்கிவிட்டு, மோசம் என்று எழுதிய மூன்று பேரை மட்டும் நம்பி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். நடுவில் மார்கழி போய்விட்டது. போகட்டுமே! அவசரப்பட்டு வாங்குகிற பொருளா இது?

ஒருநாள் சவுரிராயனின் சைக்கிள் கடைக்கும் போனார்.

"இது எத்தனை லூமன்?"

"அதெல்லாம் தெரியாது சார். எரியும்."

"மழை பெஞ்சா?"

"எரியும் சார்."

"எத நம்பிச் சொல்றீங்க?"

சவுரிராயன் பொத்தானை அழுத்திக் காட்டினார். எரிந்தது. இப்படி ஆதாரமே இல்லாமல் வியாபாரம் செய்கிறாரே என்று இரக்கப்பட்டபடி பாண்டுரங்கன் வெளியே வந்தார்.

தை மாதம் முதல் வாரம். பனி இறங்கி, எதிரில் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. நாற்பத்தொன்று நான்காகக் குறைந்திருந்த மகிழ்ச்சியில், அந்த நான்கையும் மனத்துக்குள் ஒப்பிட்டபடி பாண்டுரங்கன் ஸ்டேஷன் ரோட்டில் திரும்பினார். திரும்பிய இடத்தில் சின்னபொண்ணு நடந்துகொண்டிருந்தார். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ரயிலில் விற்கிறவர். சைக்கிள் அவர் முதுகில் இடித்தது. சின்னபொண்ணு கையை ஊன்றியபடி விழுந்தார். கூடை உருண்டது. வேர்க்கடலை ரோடெங்கும் ஆவி பறக்கச் சிதறியது.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? லைட்டு இல்லாம எவன்யா உன்ன வரச்சொன்னான்?"

"நாலு லைட்டு செலக்ட் பண்ணி வெச்சிருக்கேம்மா" என்றார் பாண்டுரங்கன்.

சின்னபொண்ணு வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நாலுல ஒண்ணு எரிஞ்சிருந்தா என் கை தப்பிச்சிருக்கும்ல?"

பாண்டுரங்கன் ரயிலை விட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எலும்பில் விரிசல். ஒரு மாதம் கட்டு. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவருக்கு அந்தக் கூடை உருண்ட சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கைபேசியை எடுக்கவில்லை.

அன்று மாலையே சவுரிராயனிடம் போய் எதுவும் கேட்காமல் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வாங்கிவிட்டார். திருந்திவிட்டார் என்கிறீர்களா? பொறுங்கள். மாட்டும் இடத்தை ஆராய வேண்டாமா? சவுரிராயன் சொன்ன இடத்தை ஏற்காமல், ஏதோ வீடியோவில் பார்த்த இடத்தில், ஹேண்டில்பாரின் உள்பக்கமாக மாட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் வெளிச்சம் பிரமாதம். பிளாட்பாரத்தில் சைக்கிளை மடிக்கப் போனார். மடியவில்லை. விளக்கு சக்கரத்தில் முட்டியது. மறுபடி அமுக்கினார். விளக்கை மாட்டினால் வண்டி மடியுமா என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டு மாதம் ஆராய்ந்திருந்தார்! ரயில் வந்து நின்றது.

"இன்னா சார் மல்லுக்கட்டிக்கினு கீற? தள்ளு."

சின்னபொண்ணு. ஒரு கையில் கட்டு, இடுப்பில் பாதிக் கூடை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கையால் விளக்கின் ரப்பர் பட்டையை உருவி, ஹேண்டில்பாரின் வெளிப்பக்கம் சுற்றினார். சைக்கிள் மடிந்தது.

"ஜல்தி ஏறு சார், வண்டி எடுத்துடுவான்."

பாண்டுரங்கன் ஒரு கையில் சைக்கிளையும் மறு கையில் சின்னபொண்ணு கேட்காமலே கூடையையும் தூக்கிக்கொண்டு ஏறினார். அந்த மாதம் முழுக்கக் கூடை அவர் சைக்கிளின் கேரியரில்தான் ஸ்டேஷனுக்கு வந்தது. பெட்டியில் அவர் கூடையைப் பிடித்துக்கொள்ள, சின்னபொண்ணு கூவி விற்றார். ஆபீஸ்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். இவருக்கு அது உறைக்கவே இல்லை. தூக்கும்போது எலும்பில் விரிசல் விழுந்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

கட்டுப் பிரித்த அன்று சின்னபொண்ணு கூடையைத் தாமே தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பாண்டுரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கூடை ரொம்ப கனமா இருக்கும்மா. மூங்கிலா, நைலானான்னு கொஞ்சம் பாத்துக்கினு இருக்கேன். இருபத்தேழு மாடல் இருக்குது..."

"பேஜார் பண்ணாத சார்" என்று சின்னபொண்ணு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

இனம் அழியாது, ஐயா. நான் அப்படியில்லை என்று நீங்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நல்லது. உங்கள் கைபேசியில் 'பிறகு வாங்கலாம்' என்று எத்தனை பொருள் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறது? எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை. எண்ணுவதற்கு நல்ல வழி எது என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.