அறுபதுக்குக் கீழே

"அந்தப் பொண்ணு போற வரைக்கும் நீ அசையக் கூடாது" என்று கண்காணிப்பாளர் மறுபடியும் எச்சரித்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவிப் பெயர் வாசலில் பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தது.

மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை மடியில் கிடப்பதோடு சரி. தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனுக்கு நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே மதிப்பெண் வாங்கினால் சுகாதார அலுவலகம் வீட்டுக்கு ஓர் உதவியாளரை அனுப்பும். ஒற்றைக் கையால் குடும்பம் நடத்தி அலுத்துப்போனவளுக்கு வேறு நம்பிக்கை இல்லை.

மதிப்பிட வந்த பெண் பேனாவைத் திறந்தாள். "வீட்டு வேலையெல்லாம் யார் சார் செய்றது?"

"நான்தான். இவளால ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்."

சமையலறையில் ஏதோ உருண்டது.

"ஏய், தீப்பெட்டி எங்க?"

"கண்ணுக்கு முன்னாடிதான் இருக்கு."

"யாரு கண்ணுக்கு?"

ஒருவழியாக அடுப்பு எரிந்தது. பால் பொங்கி வழிந்தது. அவர் அதை வேடிக்கை பார்த்தார். பழக்க தோஷம்; மனைவி எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்துபோய் இடது கையால் அடுப்பை அணைத்தாள்.

"துணையில்லாம நடக்கிறாங்க" என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

கண்காணிப்பாளருக்கு வியர்த்தது. "நடப்பா, நடப்பா. ஞாபகம்தான் சுத்தமா போச்சு. மாத்திரை எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுக்கறேன்."

"காலைல எது சார்?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளை."

"எல்லாமே வெள்ளைதாங்க" என்ற மனைவி, குழறும் நாக்கோடு ஒவ்வொன்றின் பெயரையும் வேளையையும் சொன்னாள். அப்படியே, ஏறுக்குமாறாக இருந்த அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி ஒரே கையால் சரியாகப் போட்டுவிட்டாள்.

பேனா ஓடியது, நின்றது.

"எண்பத்தொண்ணும்மா. உதவியாளர் கிடைக்காது."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடந்த கையையே பார்த்தாள். தீய்ந்த பால் நாற்றம் கூடத்துக்கு வந்தது.

"அசையாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அவர் பல்லைக் கடித்தார்.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையிலிருந்து புதிதாக ஒரு படிவத்தை எடுத்து மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"சாருக்கு இது எப்பம்மா வந்துச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும்மா. மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க."