பத்தொன்பதாவது ஓட்டு

மிகுந்த மதிப்புக்கும் சற்றே கோபத்துக்கும் உரிய என் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருந்தால் சந்தோஷம். குறையாவிட்டாலும் அவரை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டு, நியாயம் தெரிந்தவர் ஒருவராவது அந்த வீட்டில் இருக்கட்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. காலையில் கார் ஓட்டப் பழகியவர் போய்விட்டார், அடுத்தவர் வர ஒரு மணி நேரம் இருக்கிறது. நம் டிரைவிங் ஸ்கூல் காரை மரத்தடியில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எங்காவது எழுத்து எகிறியிருந்தால், முழங்கை ஹாரனில் பட்டு நானே பதறிவிட்டேன் என்று புரிந்துகொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வக்கீலம்மா நாலாம் வகுப்பு லீடர் தேர்தலில் தோற்றுப்போனாள். உன் மருமகளுக்கு வீட்டில் இப்போது அதுதான் பெயர். குளிக்கச் சொன்னால், "நேத்துக் குளிச்சது என்னாச்சு?" என்று கேட்கிற பிள்ளையை வேறெப்படிக் கூப்பிடுவது? தோற்றதுகூடப் பெரிதில்லை அக்கா, எப்படித் தோற்றாள் என்று கேள். வகுப்பில் மொத்தம் முப்பத்தேழு பிள்ளைகள். நின்றது இரண்டே பேர், இவளும் தடிக் கண்ணாடி போட்ட ஒரு பையனும். இவளுக்குப் பதினெட்டு ஓட்டு, கண்ணாடிக்காரனுக்குப் பத்தொன்பது. ஒரே ஓட்டு! அந்த ஓட்டைப் போட்ட புண்ணியவான் யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என, வகுப்புப் போட்டோவை மேஜைமேல் விரித்து ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்த இவள் தலையைத் தூக்காமலே, "எதுக்குப்பா தேடறே? நான்தான் அவனுக்குப் போட்டேன்" என்றாள்.

எனக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. "உனக்கு நீயே போட்டுக்கலையா?"

"இல்லப்பா."

"ஏண்டி?"

"யார் பொருத்தமோ அவங்களுக்குப் போடுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தேன். போன மாசம் ஒரு பொண்ணு கிளாஸ்ல வாந்தி எடுத்தா. நான் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டேன். அவன்தான் வெளியே போய் மண்ணு அள்ளிட்டு வந்து போட்டான். அவளைக் கூட்டிட்டுப் போய் வாய் கொப்பளிக்க வச்சான். அப்போ அவன்தானே பொருத்தம்?"

"அப்போ நீ எதுக்குடி போட்டியில நின்னே?"

"நீதான் நிக்கச் சொன்னே."

நான் சொன்னேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? இரண்டு வாரம் உட்கார்ந்து பேச்சு எழுதிக்கொடுத்தேன். என் காரில் கிளட்ச் பழக வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பேச்சு மனப்பாடம். ஒரு நர்ஸம்மா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே, "சார், ரெண்டாவது பாயிண்ட்ல பாப்பாவைக் கொஞ்சம் குரலை ஏத்தச் சொல்லுங்க" என்று யோசனை சொல்லி, அந்த உற்சாகத்தில் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர்கள், மேல்வீட்டுக்காரர்கள், பேப்பர் போடுகிறவர் எல்லாரிடமும், "திங்கக்கிழமை எங்க வீட்ல ஒரு லீடர்" என்று சொல்லிவைத்தாயிற்று. இப்போது படியிறங்கினால் எல்லாரும், "என்னாச்சு சார்?" என்கிறார்கள். சொந்த ஓட்டிலேயே தோற்றுவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? போதாக்குறைக்கு, அந்தக் கண்ணாடிக்காரன் பதவியேற்ற முதல் நாளே, வகுப்பில் பேசியவர்கள் என்று போர்டில் முதல் பெயராக இவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறான். ஓட்டுப் போட்ட நன்றியாவது வேண்டாமா? இவளைக் கேட்டால், "நான் பேசினேன், அவன் எழுதினான்" என்கிறாள், என்னமோ வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் புத்தி தானாக வராது, யாரோ ஊட்டியிருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான முடிவு. உன் தம்பி எதையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை என்பது உனக்கே தெரியும். விசாரணையை வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். உன் தம்பி பெண்டாட்டி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா, ஒருநாள் லீவில் பிள்ளையை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்திருந்தாளாம். "இது யார் ரத்தமோ அவங்க பேரைத்தான் டியூப்ல எழுதணும், நமக்குப் பிடிச்சவங்க பேரை எழுதக் கூடாதுன்னு அவகிட்ட சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்று என்னையே கேட்கிறாள். தப்பில்லை, சரி. ஆனால் இதையெல்லாம் பிள்ளை காதில் போடலாமா? "உண்மையைச் சொல்லணும்னு நான் சொல்லிக்கொடுத்தேன், ஆமா. நீங்க என்ன சொல்லிக்கொடுத்தீங்க, மூணு பாயிண்ட்டு?" என்றாள். அந்த இடத்தில் அடுப்பில் பால் பொங்கியதால் விசாரணையை ஒத்திவைத்தேன்.

அடுத்து வகுப்பு டீச்சர். "யார் பொருத்தமோ அவங்களுக்குப் போடுங்கன்னு நீங்க சொன்னது உண்மையா மேடம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "வருஷா வருஷம் எல்லா கிளாஸ்லயும் அதைத்தான் சார் சொல்றேன். முப்பத்தேழு பேர்ல ஒருத்தி நான் சொன்னதைக் கேட்டுட்டா, அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிட்டார். அந்த அம்மாவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

அப்புறம் எதிர் சலூன்காரர். இவள் அங்கே முடி வெட்டக் காத்திருந்தபோது சுருட்டை முடிக்காரர் ஒருவர் வர, இவர், "சுருட்டை எனக்கு அவ்வளவு சரியா வராது சார், அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்கார், அருமையா வெட்டுவார்" என்று வாசல் வரை வந்து வழி காட்டி அனுப்பினாராம். வந்து சொன்னவள் இவள்தான், கண்ணெல்லாம் விரிய. நான் நேரே போய், "ஏங்க, வாசல் ஏறி வந்த ஆளைப் போட்டிக் கடைக்கு அனுப்பறீங்களே, குழந்தைங்க பார்க்கிற இடத்துல இதெல்லாம் செய்யலாமா?" என்று கேட்டேன். மனிதர் கத்தரியை நிறுத்தாமல், "அப்போ அவர் தலையைக் கெடுத்து அனுப்பியிருக்கணுமா?" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள். தெருவே ஒரு தினுசாகத்தான் இருக்கிறது அக்கா, ஆள் சேர்ந்துகொண்டு பிள்ளையைக் கெடுக்கிறார்கள்.

ஆனால் இவர்களெல்லாம் சின்ன மீன்கள். பெரிய ஆள் யார் என்பதற்கு இப்போது வருகிறேன். போன லீவில் பத்து நாள் இவள் உன் வீட்டில் இருந்தாள். கேரம் விளையாடினீர்கள். உன் கை பட்டு ஒரு காய் நகர்ந்தது, இவள் பார்க்கவில்லை, மாமா பார்க்கவில்லை, நீயே, "ஃபவுல்" என்று சொல்லிக் காயைத் திருப்பி வைத்து, ஆட்டத்தையும் தோற்றாய். மறுக்காதே, சாட்சி இருக்கிறது. இங்கே திரும்பி வந்தும் பத்து நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். இது உனக்குப் புதிதா என்ன? நாம் இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே குடையில் கிளம்பிப் போன நாளில், பள்ளிக்கூடக் கேட்டுக்கு நாலு அடி முன்னால் ஓடிப்போய் உள்ளே நின்றுகொண்டு, தாமதமாக வந்தவர்கள் பட்டியலில் சொந்தத் தம்பியின் பெயரை எழுதியவள்தானே நீ! ஐந்து வருடம் நீ லீடர், ஐந்து வருடமும் நான் பட்டியலில். என் பிள்ளையாவது பெயர் எழுதுகிற பக்கம் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா? ஆகவே, முழு விசாரணைக்குப் பிறகு, குற்றவாளி நீதான் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

கவலைப்படாதே, சரிசெய்வதற்கு வழியும் கண்டுபிடித்துவிட்டேன். நேற்று டீச்சரை மறுபடி பார்த்து, "பிள்ளை கைதவறி மாத்திப் போட்டுட்டா மேடம், மறுபடி நடத்த முடியுமா?" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அவளே வந்து அப்படிச் சொன்னா, நடத்தலாம் சார். ஆனா அவ வாயால சொல்லணும்" என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நானும் அவளும் போகிறோம். இன்று காலை பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் காரிலேயே பயிற்சி. "டீச்சர், நான் கைதவறிப் போட்டுட்டேன்." அவ்வளவுதான், ஒரே வரி. அதற்கே எத்தனை கேள்வி! "எந்தக் கைப்பா தவறுச்சுன்னு கேட்டா?" என்கிறாள். "என் பேரு மேல இருந்துச்சு, அவன் பேரு கீழ இருந்துச்சு, கை அவ்வளவு தூரம் எப்படிப்பா தவறும்?" என்கிறாள். கடைசியில், "அப்போ இது பொய்தானே?" என்றாள். நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "அப்பாவுக்காக இதுகூடச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், "நீ சொன்னா சொல்றேன்ப்பா" என்றாள். அத்தோடு சரி. பள்ளி வாசல் வரை ஒரு கேள்வி இல்லை. சிக்னலில் ஏன் சிவப்பு மேலே இருக்கிறது, லாரிக்கு ஏன் இத்தனை டயர், எதுவும் இல்லை. இறங்கும்போது கதவைக்கூட மெதுவாகச் சாத்தினாள். நல்ல அடக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். காரில்தான் ஒரே நிசப்தம்.

ஆகமொத்தம் நாளை இந்நேரம் உன் மருமகள் லீடர். சந்தேகமே வேண்டாம். இனி லீவுக்கு வந்தால் கேரம் போர்டைப் பரண்மேல் ஏற்றிவிடவும். மாமாவுக்கு என் வணக்கம். உனக்குக் கோபம் வந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள், வராவிட்டால் இதை இன்னொரு முறை படி. எப்போதும்போல் உன் ஆசீர்வாதத்தை வேண்டும்,

உன் தம்பி.

பி.கு: உறை வாங்க மறந்ததால் இது இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இப்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒன்பதுக்கு டீச்சர் அறைக்குப் போனோம். "என்னம்மா, என்கிட்ட ஏதோ சொல்லணுமாமே?" என்றார் டீச்சர். இவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர், நான் கை..." என்று ஆரம்பித்தாள். அச்சு அசல் நான் சொல்லிக்கொடுத்த அதே இழுப்பு, அதே நிறுத்தம். தெருவுக்கே கேட்கிற குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது அக்கா. தேர்தலில் தோற்றபோதுகூட அப்படிப் பயம் வரவில்லை. நம் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, பழகுகிறவர் தப்பாகத் திருப்பினால் என் கால் என்னைக் கேட்காமலே அதை மிதித்துவிடும். அந்த அறையில் பிரேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, என் கால் பாட்டுக்குத் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. மேஜையிலிருந்த சாக்பீஸ் டப்பா உருண்டது. டீச்சர் பதறி எழுந்து, "என்னாச்சு சார்?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம். அவ கையெல்லாம் தவறல. யோசிச்சுச் சரியாத்தான் போட்டா. அந்தப் பையனே லீடரா இருக்கட்டும்" என்றேன். டீச்சர் உட்கார்ந்து சாக்பீஸைப் பொறுக்கினார், நாங்களும் பொறுக்கினோம்.

ஆகவே மேலே எழுதிய தீர்ப்பு ரத்து. நீ, உன் தம்பி பெண்டாட்டி, டீச்சர், சலூன்காரர் எல்லாரும் விடுதலை. கேரம் போர்டு கீழேயே இருக்கட்டும். முழுதாகக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், உனக்கு உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.

வெளியே வந்ததும் வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, நீ வாய்தவறிச் சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்லடா, தெரிஞ்சேதான் சொன்னேன்."

"அப்போ நேத்துக் கார்ல சொல்லிக்கொடுத்தது?"

வக்கீலம்மா திரும்பி வந்துவிட்டாள் அக்கா. வராந்தா என்றுகூடப் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டேன். "அதுதான்டா தவறிப்போச்சு" என்றேன்.