ஐஸ்கிரீம் வண்டிக்குக் குப்பை கொடுத்தவர்

லண்டனில் தைவானைப் பற்றி அதிகம் பேசுபவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இங்கே வசிக்கும் தைவான்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டாம் பரிசைத்தான் வாங்குவார்கள். முதல் பரிசு குட்மேய்ஸில் எங்கள் தெருவுக்கு வரும். எங்கள் எதிர் வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் அதை வாங்கிக்கொண்டு, தைவானில் பரிசை எப்படிக் கொடுப்பார்கள் என்று கொடுத்தவருக்கே ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருக்கிறது. அது கவுன்சில் கடிதங்களில் மட்டும் வரும். தெருவுக்கு அவர் தைவான் அண்ணை. அவர் பக்கத்து வீட்டு குஜராத்திப் பெரியவரும் தபால்காரரும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இளம் வயதில் அகதியாக வந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து எஞ்சினியர் ஆனவர். கம்பெனி அவரைத் தைவானில் சின்ச்சு என்ற ஊருக்கு, சிப் செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பியது. கூடவே மனைவி சுகந்தி அக்கா, ஆறு வயது யாழினி, கைக்குழந்தையாகச் சின்னவள். நாலு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருபது வருடமும் லண்டனில் அதற்கு மேலும் வாழ்ந்த மனிதர் அவற்றைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அந்த நாலு வருடத்தைப் பற்றி அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

அவர்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள், நல்ல வெயில் காலம். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி இசையோடு நுழைந்தது. உடனே எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அண்ணை இரண்டு கையிலும் குப்பைப் பைகளோடு ஓடி வந்தார். பின்னால் அக்கா, ஒரு வாளியில் சோற்று மிச்சம், இன்னொன்றில் காய்கறித் தோல். அவருக்குப் பின்னால் யாழினி, ஒரு கட்டுப் பழைய பேப்பர். கடைசியாகச் சின்னவள், ஒரே ஒரு பால் போத்தல். நாலு பேரும் வண்டிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார்கள். ஐஸ்கிரீம்காரர் ஜன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்றார். அண்ணை பையை உள்ளே நீட்டினார்.

தைவானில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாதாம். மாலையில் குப்பை லாரி பியானோ இசை போட்டுக்கொண்டு வருமாம். ஊரே பையும் வாளியுமாக வாசலுக்கு ஓட வேண்டுமாம். லண்டன் ஐஸ்கிரீம் வண்டி அண்ணைக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஓடிவிட்டார்.

"ஒருக்காப் பழகிட்டால் காது மூளையைக் கேக்காது தம்பி. பாட்டுக் கேட்டுது, கால் ஓடிட்டுது. நான் என்ன செய்ய?" என்றார் என்னிடம், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அன்று சின்னவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் கிடைத்தது. அண்ணைக்குப் பட்டப்பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பொழுது போகாத நாளே இல்லை. தைவானில் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பார்களாம். பயணிகள் ஒரு நோட்டில் குத்திக்கொள்ளலாமாம். வாரக் கடைசி தோறும் நாலு பேரும் ரயில் ஏறி, ஊர் ஊராய் இறங்கி, குத்திக் குத்தி ஐந்து நோட்டு நிரப்பியிருக்கிறார்கள். குட்மேய்ஸ் ஸ்டேஷன் கவுண்டரில் போய் ஸ்டாம்ப் கேட்டார். தபால் நிலையத்துக்கு வழி காட்டினார்கள். அண்ணை அசரவில்லை. குட்மேய்ஸ் என்று எழுதி, கீழே ஒரு வாத்துப் படமும் போட்டு, சொந்தமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து எடுத்துக்கொண்டு போய், பிளாட்பாரத்தில் நின்று தன் நோட்டில் தானே குத்திக்கொண்டார். வாத்துக்கும் குட்மேய்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஏதாவது ஒண்டு இருக்கவேணும் தம்பி" என்றார்.

பிறகு நாறும் தோஃபு, புளிக்க வைத்த சோயாக் கட்டி. அதற்குப் பெயரே அதுதான். அங்கே இரவுச் சந்தையில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்களாம். இங்கே கிடைக்கவில்லை என்று தோட்டத்துக் கொட்டகையில் தானே ஊற வைத்தார். ஐந்தாம் நாள் குஜராத்திப் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் மெஷினோடு வந்து தெருவை முகர்ந்தார்கள். அண்ணை அவர்களுக்கும் ஒரு தட்டில் பொரித்துக் கொடுத்தார். ஒருவர் சாப்பிட்டார். அவரை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விருந்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மகள் கேக் வெட்டப் போகிறாள். வெளியே ரோடு போடும் ரோலர் ஒன்று ஊர்ந்து போனது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. திரும்பிப் பார்த்தால் விருந்தில் நாலு பேர் குறைகிறார்கள். மேசை விரிப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கேஸை நிப்பாட்டும்! கதவைத் திறந்து விடும்!"

"அண்ணே, அது ரோலர்!"

மேசை விரிப்பு அசைந்தது. பிறகு நாலு பேரும் வரிசையாக வெளியே வந்தார்கள். அண்ணை கையில் பாதி வடை இருந்தது. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "அங்கை நில நடுக்கம் எண்டால் ஒரு சந்தோசம் தம்பி. நாங்கள் மேசைக்குக் கீழை இருந்து விடுகதை போட்டு விளையாடுறனாங்கள். அடுத்தது எப்ப வருமெண்டு பிள்ளையள் கேக்குங்கள்." கேக் வெட்டி முடியும்போது புயல் கதைக்கு வந்திருந்தார். கிழக்குக் கரையில் ஒரு மலைக் கிராமத்தில் கடைசி பஸ்ஸை விட்டு, கொட்டும் மழையில் நாலு பேரும் நின்றார்களாம். "ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கதைச்சம். அந்த மனுசி உடனை உள்ளை கூப்பிட்டுச் சோறு போட்டவ. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான சனம்." இந்தக் கதையை எட்டு வருடத்தில் குறைந்தது அறுபது தடவை கேட்டிருப்பேன். மழையின் அளவு மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடும்.

இப்படியிருக்க, போன கோடையில் ஒரு நாள் யாழினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வயதாகி, பள்ளி இறுதி ஏ லெவல் பரீட்சை முடித்திருந்தாள்.

"அங்கிள், எனக்குத் தைவான் யூனிவர்சிட்டி ஒண்டில ஒரு வருசம் லாங்வேஜ் படிக்க இடம் கிடைச்சிருக்கு. ஸ்காலர்ஷிப்போட."

"அடடே! அப்பா தலைகால் புரியாம ஆடுவாரே!"

"அப்பா ஓம் சொல்றார் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பதில் எழுதோணும். இல்லாட்டி இடம் போயிடும். நீங்க ஒருக்கா அவரோட கதைக்கிறீங்களா, ப்ளீஸ்?"

சட்டப்படி அவளுக்கு யார் சம்மதமும் தேவையில்லை. ஆனால் அப்பா வாயிலிருந்து ஓம் வராமல் விமானம் ஏற மாட்டேன் என்றாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அண்ணை வாயில் தைவான் ஒரே வாரத்தில் கெட்டுப்போயிருந்தது. எட்டு வருடமாக அண்ணை பேசிய பேச்சில் மயங்கி, குஜராத்திப் பெரியவர் தைவானுக்கு ஒரு டூர் டிக்கெட் போட்டிருந்தார். அவரை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டு, அந்த நாட்டில் மனிதர் இருக்க முடியாது, பாம்பு இருக்கிறது, புயல் இருக்கிறது, சாப்பாட்டு நாற்றமே ஆளைக் கொன்றுவிடும் என்று அண்ணை எச்சரித்திருக்கிறார். பெரியவர் குழம்பிப்போய் என்னிடம் வந்து, இவர் போய் வந்தது வேறு ஏதாவது நாடா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை மாலை எதிர் வீட்டுக்குப் போனேன். அண்ணை சோபாவில் சாய்ந்து, போனில் தைவான் நில நடுக்கச் செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தார். சுகந்தி அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, "மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணே, பிள்ளை ஆசைப்படுறா. அனுப்பி வைங்களேன்."

"உமக்குத் தெரியாது தம்பி. நிலம் நடுங்கிற நாடு."

"மேசைக்கு அடியில விடுகதை போட்டு விளையாடினோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னனான்."

"புயல்ல மாட்டினப்போ யாரோ கூப்பிட்டுச் சோறு போட்டாங்கன்னு சொன்னீங்க. தங்கமான ஜனம்னீங்க."

"ஓம், சொன்னனான்." போனைக் கவிழ்த்து வைத்தார். "மேசைக்குக் கீழை நாங்கள் நாலு பேர் இருந்தனாங்கள் தம்பி. மழையிலை நிண்டதும் நாலு பேர். இப்ப அவள் ஒருத்தி. ஒருத்தி விடுகதை போட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

அறுபது தடவை கேட்ட கதையில் நான் தைவானை மட்டும் பார்த்திருக்கிறேன். மனிதர் அத்தனை நாளும் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். சமாதானம் சொல்ல வந்த நான் அவர் கட்சிக்குப் போய்விடுவேன் போலிருந்தது.

நல்லவேளை, மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யாழினி கீழே இறங்கி வந்தாள்.

"அப்பா, அந்த மழையில கதவைத் தட்டினம்தானே. அந்த அன்ட்டியோட ஆர் கதைச்சது?"

அண்ணை கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினார்.

"சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப டாக்குத்தரோட கதைச்சது ஆர்? பிழையான ரயில்ல ஏறினப்ப கார்டோட கதைச்சது ஆர்? குப்பை லாரிக்காரர் உங்களை ஏசினப்ப மன்னிப்புக் கேட்டது ஆர்?"

"நீதான்" என்றார் அண்ணை, கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு அப்ப எட்டு வயசு அப்பா. உங்கள் மூண்டு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு திரிஞ்சன். இப்ப என்னை ஒருத்தியைப் பாக்க எனக்கு ஏலாதோ?"

சமையலறையிலிருந்து சுகந்தி அக்காவின் குரல் வந்தது. "உவருக்கு அங்கை தெரிஞ்சது மூண்டே மூண்டு சொல்லுத் தம்பி. வணக்கம், நன்றி, என்ன விலை. விலையைச் சொன்னால் அதுவும் விளங்காது!"

தைவான் முழுக்கத் தானே பேசிச் சமாளித்தது போல எட்டு வருடமாகக் கதை சொல்லி வந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அவசரமாகத் தேநீரைப் பார்த்தேன். கடைசியில் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"டிசம்பரிலை அங்கை குளிரும். வீட்டுக்குள்ளை ஹீட்டிங் இல்லை. நல்ல போர்வை ஒண்டு கொண்டு போ."

யாழினி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சத்தம் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஓம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹீத்ரோவுக்கு நானும் போயிருந்தேன். அண்ணை மூன்று தடவை "பாஸ்போட் இருக்கோ?" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. அவள் உள்ளே போன பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சுகந்தி அக்காதான் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தார்.

அதற்குப் பிறகு தெருவில் தைவான் பேச்சு நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். "என்ன அண்ணே?" என்றால் "ஓம்" என்பார். அவ்வளவுதான். குஜராத்திப் பெரியவர் டூர் போய்விட்டு வந்து, ஊர் பிரமாதம் என்று வேலிக்கு மேலாகச் சொன்னபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினாராம். நியாயமாகப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் தெரு, பண்டிகை முடிந்த வீடு மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அண்ணை வாசலில் செடி வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் ஒரு "ஓம்". காரில் ஏறியவன் என்ன தோன்றியதோ, இறங்கி அவரிடம் போனேன்.

"அண்ணே, யாழினி போன் பண்றாளா? தைவான்ல என்ன சொல்றா?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நேரம் இருக்கோ தம்பி?"

"நிறைய இருக்கு."

"சந்தையிலை மரக்கறி விக்கிற கிழவி ஒண்டு, இவள் போனால் வெங்காயத்தாள் ஒரு பிடி சும்மா குடுக்குமாம். ஏனெண்டு கேட்டால், இவள் கதைக்கிறது வடிவா இருக்காம்! அதுக்குப் பிறகு தம்பி, ஒரு நாள் என்ன நடந்ததெண்டால்..."

ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். மனைவி ஸ்டேஷனிலிருந்து பையோடு நடந்தே வந்து சேர்ந்து, என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. பரவாயில்லை. எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் யாரும் கிடையாது. இந்தத் தெருவுக்கு வந்த பிறகு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.