வாயைத் திறந்த அவரை

ஒரு காட்டில், மேல்காற்று அடிக்கும் சரிவில், மருதாயி என்ற முயல் அரை ஏக்கரில் அவரை போட்டிருந்தாள். பக்கத்து நிலத்தில் உடையப்பன் என்ற முள்ளம்பன்றி சோளம் விதைத்திருந்தார். இரண்டு நிலத்துக்கும் மேற்கே, பொன்னுரங்கம் என்ற கரடி அந்த வருஷம்தான் செங்கல் சூளை வைத்தார்.

சூளை மூட்டிய பத்தாம் நாள் அவரை இலையெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக வெளுத்தது. பூ உதிர்ந்தது. சோளமோ அதே புகையில் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு வந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மருதாயிக்கு வயிறெரிந்தது.

"அண்ணே, யாருக்கும் தெரியாம என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"மருந்தா? நான் அதுக்குத் தண்ணியே எப்பவாவதுதான் தாயி காட்டுறேன்" என்றார் உடையப்பன்.

நம்பாமல் மருதாயி வேளாண்மை அலுவலகம் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஓர் ஆமை நின்றதால், ஜன்னலை எட்ட இரண்டு நாள் ஆனது. விண்ணப்பத்தில் 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் வெள்ளம், வெட்டுக்கிளி, யானை என்று மூன்றே கட்டங்கள்.

"புகைக்குக் கட்டம் இல்லீங்களே?"

"யானையில டிக் போடும்மா. அதுவும் கறுப்புதானே" என்றது எழுத்தர் மரநாய்.

யானை மிதித்த அவரையைப் பார்க்க அதிகாரி கொக்கு லென்ஸோடு வந்தார். ஒற்றைக் காலில் நின்று இரண்டு பயிரின் இலையையும் உற்றுப் பார்த்தார்.

"இலையில பொடிப்பொடியா வாய் இருக்கும்மா. உன் அவரை சீக்கிரம் வளரணும்னு எல்லா வாயையும் ஆன்னு திறந்து வைக்குது. காத்தோட விஷமும் உள்ள போயிடுது. சோளம் கொஞ்சமாத்தான் வாயைத் திறக்கும். கொஞ்சக் காத்தை வச்சே வளர்ந்துக்கும். தப்பி உள்ள போற விஷத்தை முறிக்கவும் சில பயிர் உடம்புல சரக்கு வச்சிருக்கும்."

மருதாயிக்கு விஷயம் பிடிபட்டது. உடையப்பனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. "அப்ப தப்பு சூளை மேலதானுங்களே?"

கொக்கு காலை மாற்றிக்கொண்டார். "நான் பயிர் அதிகாரிம்மா. சூளை என் இலாகா இல்லை." அறிக்கையில், 'பயிர் தானே வாயைத் திறந்ததால் சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விடுவாளா மருதாயி? காட்டுச் சபை கூடியபோது எழுந்து நின்றாள். வெளுத்த இலையைத் தூக்கிக் காட்டி, "இந்தச் சூளையை" என்று ஆரம்பித்தாள். மேல்காற்று ஒரு வாய்ப் புகையைக் கொண்டுவந்து ஊட்டியது. அடித்த இருமலில் தலையும் காது இரண்டும் முன்னும் பின்னும் ஆடின. 'சூளையை முயலம்மாள் பலமுறை தலையாட்டி ஆமோதித்தார்' என்று மரநாய் குறிப்பெழுதியது. கரடி பெருந்தன்மையாக எல்லோருக்கும் சோள விதை கொடுத்தார். புகைதாங்கிப் பயிரைப் பரப்பியதற்காகக் கொக்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மருதாயி இலையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ச் சோளம் விதைத்தாள். நன்றாகவே விளைந்தது.

அடுத்த சபையில் கரடி இரண்டாவது சூளைக்கு அனுமதி கேட்டார், மருதாயியின் வேலியை ஒட்டி.

"பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றது மரநாய்.

இந்தத் தடவை மருதாயி ஏமாறுவதாக இல்லை. சோளத்தைப் போல வாயை இறுக மூடி, ஆடாமல் அசையாமல், கண்ணாலேயே கரடியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சபை முழுக்க அந்த முறைப்பைப் பார்த்தது.

'மௌனம் சம்மதம்' என்று எழுதி, மரநாய் முத்திரை குத்தியது.

நீதி: பயிராகப் பிறந்தால் வாயை மூடிக்கொள், பிழைக்கலாம். முயலாகப் பிறந்தால் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கூடுமானவரை கரடியாகப் பிற.