முப்பத்தொரு பேரும் ஒரு தாய்மாமனும்

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகிவிட்டால் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். மாப்பிள்ளை படிக்காத படிப்பைப் பேருக்குப் பின்னால் போட்டிருந்தால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். தாய்மாமன் பேர் விட்டுப்போனால் மட்டும் மன்னிப்பே கிடையாது. முதுகுளத்தூர் தாலுகாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த இந்த விதியைத் தெரிந்தே மீறியவள் நான். அதுவும் பத்திரிகையில் இல்லை, ஒரு கீபோர்டுக்குள்.

சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். கம்பியில்லாத மெக்கானிக்கல் கீபோர்டு செய்து விற்பது என் திட்டம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் இருக்கும், தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரும், விலையும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும். ("சத்தம் வராததுதான நல்ல சாமானு?" என்று அய்யா கேட்டதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.) என் கீபோர்டு இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று, கப்பலுக்கு வழிவிடும் பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் போல நடுவில் இரண்டாகப் பிரியும். அதனால் 'பாம்பன்' என்று பேர் வைத்தேன்.

இடம் கொடுத்தது மாரிமுத்து மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். உச்சிப்புளியில் ராமேஸ்வரம் ரோட்டு மேல் உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே இருந்த அறையைக் கழுவிவிட்டு, மேசை போட்டு, ஃபேன் மாட்டி, "ஒக்காந்து செய்யித்தா" என்று சாவியைக் கையில் கொடுத்தார். முதல் கீபோர்டை அவருக்கே கொடுத்தேன். விவசாயிகளுக்கு வாட்ஸப்பில் அறிவிப்பு அடிக்க அதைத்தான் வைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்தில் அடிப்பார், திரையில் தமிழாக விழும்.

கீபோர்டு என்பது வெறும் கட்டைகள் அல்ல. எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து போக வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று முடிவு செய்ய, உள்ளே இருக்கும் சில்லில் ஒரு குட்டி மென்பொருள் ஓடும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பேர். அதை நானே எழுதினேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இணையத்தில் இலவசமாகக் கிடந்ததை எடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற முப்பத்தொரு பேர் சேர்ந்து எழுதியது அது.

எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், சில்லில் ஏற்றி விற்கவும் செய்யலாம். நிபந்தனை இரண்டுதான். எழுதியவர்கள் பேரை அழிக்கக் கூடாது. கீபோர்டு வாங்கியவர் கேட்டால், நீ மாற்றியதையும் சேர்த்து முழு நிரலையும் கொடுத்துவிட வேண்டும். இதைத்தான் லைசென்ஸ் என்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியிருந்தது. நான் அதைச் சிம் கார்டு விண்ணப்பத்தைப் போலப் படிக்காமல் கையெழுத்துப் போடும் இனமாக நினைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

தள்ளியதோடு நின்றிருக்கலாம். அந்த முப்பத்தொரு பேரையும் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. பாதிப் பேர் சொந்தப் பேர்கூடப் போடவில்லை. ஒருவர் 'தூங்காத பூனை' என்று அவர் மொழியில் வைத்திருந்தார். என் கீபோர்டில் பூனைக்கு என்ன வேலை? எல்லாரையும் அழித்தேன். அந்த இடத்தில் குலதெய்வம் துணை என்று போட்டு, அய்யா, அம்மா, தம்பி சரவணன், பெரியப்பாமார், சித்தப்பாமார், அத்தைமார் என்று இருபத்தாறு பேரைப் பத்திரிகை வரிசையில் அடித்தேன். சில்லுக்குள் இருப்பதை எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்ற தைரியம்.

மாமா பேர் அதில் இல்லை.

மறதியென்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அன்று காலையில் எனக்கும் அவருக்கும் சண்டை.

"ஏத்தா, ஒங் கீபோர்டு ஹெலிகாப்டருக்குப் பயப்படுது" என்றார். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. தலைக்கு மேல் ஏதாவது பறந்துகொண்டே இருக்கும்.

"கீபோர்டு எதுக்கு மாமா பயப்படுது?"

"ஹெலிகாப்டரு போனா மொத எழுத்து விழ மாட்டேங்குது. மொளகா வெத வந்துருச்சுன்னு போட்டேன். இளகாய்னு போயி, அது என்ன புது ரகம்னு பதினாலு பேரு போன் பண்ணிட்டாக."

"ஹெலிகாப்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா. நீங்க ஒழுங்கா அமுக்கலை."

"நாப்பது வருசமா கல்குலேட்டரு அமுக்குறேன், எனக்கு அமுக்கத் தெரியாதா?"

நான் நான்கு வருடம் படித்தவள், அவர் உரம் விற்கிறவர் என்ற திமிர் எனக்கு அப்போது நெற்றியில் எழுதியிருந்தது. படியேறிப் போய் அவர் பேரை மட்டும் விட்டுவிட்டுப் பட்டியலை முடித்தேன். கோபம் ஆறியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோபம் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறிவிட்டது. (மாமா வீட்டு நண்டுக் குழம்பு.) சேர்க்கத்தான் மறந்துபோனேன்.

ஐம்பது பாம்பன்கள் விற்ற பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மரியாதையாக மெயில் போட்டார். 'உங்கள் ஃபர்ம்வேரின் நிரலை அனுப்பி வையுங்கள்' என்றார். 'அது எங்கள் சொந்தத் தயாரிப்பு, தர இயலாது' என்று நான் விறைப்பாகப் பதில் போட்டேன். அவர் திருப்பி ஒரு படம் அனுப்பினார். இன்ன இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் மூல மென்பொருள் தன் பேரைத் தானே திரையில் டைப் அடிக்கும் வசதி ஒன்று உண்டு. அதை நீக்க நான் மறந்திருந்தேன். என் சொந்தத் தயாரிப்பு தன் உண்மையான தகப்பன் பேரைத் தானே சொல்லிவிட்டது. களவாணிக்குக் கூறு வேண்டாமா?

அடுத்த வாரம் தூங்காத பூனையிடமிருந்தே கடிதம் வந்தது. திட்டவில்லை. 'நீங்கள் பயன்படுத்துவது எங்களுக்கு மகிழ்ச்சி. எங்கள் பேர்களைத் திரும்பப் போட்டு, நிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடுங்கள், போதும்' என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவசர அவசரமாக முப்பத்தொரு பேரையும் மேலே ஒட்டி, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, அப்பாடா என்று படுத்தேன். கீழே இருந்த இருபத்தாறு பேர் பட்டியலை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் தம்பி சரவணனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு ராமேஸ்வரம். நல்ல நேரம் பத்தரை வரை. காலையில் முதுகுளத்தூரிலிருந்து வேனில் கிளம்பினோம். போகிற வழியில் உச்சிப்புளியில் மாமாவை ஏற்றிக்கொள்ள வேண்டும். பெண் வீட்டு வாசலில் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவர் தாய்மாமன்தான். அவர் இல்லாமல் படியேறினால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

எட்டரைக்கு வேன் கடை முன்னால் நின்றது. மாமா பனியனும் கைலியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் கனகா குற்றவாளியைப் போல நின்றாள். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். மதினி எழுதிய நிரலைப் பார்க்கிறேன் என்று திறந்து, அப்பா பேரைத் தேடியிருக்கிறாள்.

"அண்ணே, கெளம்பலையா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் யாரு தாயி வாரதுக்கு?" என்றார் மாமா. போனை நீட்டினார். "இருவத்தாறு பேரு இருக்காக. மொளகாத் தோட்டத்துல சண்ட போட்டுப் பத்து வருசமாப் பேசாத ஒங் கொழுந்தனாரு இருக்காரு. நான் இல்ல. இவளுக்குக் காது குத்துனது எம் மடியிலதான, இல்ல வேற யாரு மடியிலயுமா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது வலிக்கும். அவளுக்குக் கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். அவள் கண் கலங்கிவிட்டது. வேனிலிருந்து பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாகப் பதினெட்டுப் பேர் இறங்கிக் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்று நான் பதினெட்டுப் பேருக்கும் லைசென்ஸ் என்றால் என்ன என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சின்னத்தை சொன்னாள்:

"அப்ப, முப்பத்தோரு பேரு கட்டுன வீட்டுக்குப் பால் காய்ச்சுறன்னைக்கி நம்ம பேருல பத்திரிகை அடிச்சிருக்க."

இதைவிடச் சரியாக எந்த வக்கீலும் சொல்ல முடியாது.

"மாமா, நம்ம ஆளுக பேரே அதுல இருக்கக் கூடாது. இன்னைக்கே எடுத்துர்றேன்" என்றேன்.

"எல்லார் பேரையும் எடுத்தா எங் கணக்கு தீந்துருமா? எம் பேரச் சேரு."

"அதுக்கு வேலை பாத்துருக்கணும் மாமா. அந்த முப்பத்தொரு பேரும் வேலை பாத்தவுக."

"நான் பாக்கலையா? ஹெலிகாப்டரு சொன்னேன்ல?"

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மணி எட்டே முக்கால். வேறு வழியில்லாமல், "சரி, காட்டுங்க" என்றேன்.

மாமா கல்லாவில் பாம்பனை விரித்து வைத்தார். ஹெலிகாப்டர் வரவில்லை. தினமும் காது கிழியப் பறக்கிறது, அன்றைக்குப் பார்த்து ஒரு காக்கா பறக்கவில்லை. ராமேஸ்வரம் ரோட்டோரம் பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டுகளோடு எங்கள் குடும்பம் மொத்தமும் வானத்தைப் பார்த்து நின்றது. பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டி அவர்களும் பார்த்துக்கொண்டு போனார்கள். அய்யா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சொன்னார், யாரும் கேட்காமலே.

ஒன்பது பத்துக்கு வந்தது.

மாமா அடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கல்லாவை விட்டு எழுந்து, வாசலுக்கு வந்து, நெற்றியில் கை வைத்து, அது கடல் பக்கம் புள்ளியாகிற வரைக்கும் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து தன் பேரை அடித்தார். திரையில் 'ஆரிமுத்து' என்று விழுந்தது.

கூட்டம் 'ஆ' என்றது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஹெலிகாப்டர் எதுவும் செய்யவில்லை. நாற்பது வருடமாகத் தலைக்கு மேல் பறந்தாலும் மாமா ஒவ்வொன்றையும் விடாமல் நின்று பார்ப்பார். அந்த அரை நிமிடத்தில் கீபோர்டு தூங்கிவிடுகிறது. திரும்பி வந்து அமுக்கும் முதல் கட்டை அதை எழுப்புவதோடு சரி, எழுத்து போய்ச் சேர்வதில்லை. தூங்கி விழிக்கிற அந்தப் பகுதி முப்பத்தொரு பேர் எழுதியது. அவர்கள் யாரும் அடைக்காத ஓட்டையை, அமுக்கத் தெரியாதவர் என்று நான் சொன்ன ஆள் கண்டுபிடித்திருக்கிறார்.

"மாமா, நீங்க சொன்னது சரி. நாந்தான் தப்பு" என்றேன். "ஆனா காரணம் ஹெலிகாப்டரு இல்ல."

"காரணம் எதுவாச்சும் இருக்கட்டும். எழுத்து போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்ப எழுதி அனுப்பு. இப்பவே. நான் சட்ட போட்டுட்டு வாரேன்."

பட்டுச்சேலையோடு பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்து, கோளாறு இன்னது, கண்டுபிடித்தவர் மாரிமுத்து, உச்சிப்புளி என்று தூங்காத பூனைக்கு எழுதினேன். மாமா தோளுக்கு மேலிருந்து தன் பேரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்த பிறகே வேனில் ஏறினார். பாம்பன் பாலத்தில் போகும்போது பதில் வந்தது. 'இரண்டு வருடமாக எங்களுக்குப் பிடிபடாத கோளாறு இது. திரு. மாரிமுத்துவுக்கு எங்கள் நன்றி. அவர் பேரைப் பட்டியலில் சேர்க்கிறோம்.' நான் சத்தமாக வாசித்தேன். மாமா கடலைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் பத்து இருபத்தைந்துக்கு முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் அவர் ஏறிய மிடுக்கைப் பார்த்து, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையே இவர்தானோ என்று ஒரு நிமிடம் திகைத்துப்போனார். அம்மா சிரித்தாள். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பொறுப்பை மாமா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அச்சாகி வந்ததைப் பிரித்தால், 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே சொந்தபந்தமெல்லாம் முடிந்து, இன்னும் முப்பத்தொரு பேர் வரிசையாக இருந்தார்கள்.

"அவுக நம்ம பேரப் போட்டாக. நாம அவுக பேரப் போடாம இருந்தா மொறையா?" என்றார் மாமா.

மண்டப வாசல் ஃப்ளெக்ஸிலும் போட்டிருந்தார். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் 'தூங்காத பூனை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெண் வீட்டார் அவர்களை எங்கள் ஆட்கள் என்று நினைத்தார்கள். எங்கள் கிளை உறவுகள் பெண் வீட்டு ஆட்கள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதைக்காகக் கேட்காமல் இருந்து, பந்தியில் ஒரு வரிசையையே அவர்களுக்காகக் காலியாக விட்டுவிட்டார்கள். பூனைக்குப் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பினேன். தன் பேரை இவ்வளவு பெரிய எழுத்தில் தன் அம்மாகூடப் பார்த்ததில்லை என்று பதில் எழுதினார்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி, போன மாதம் என் மகனுக்குக் காது குத்தினோம், சரவணன் மடியில் வைத்து. பந்தியின் கடைசியில் ஓர் இலை ஆளில்லாமல் கிடந்தது. பரிமாற வந்தவர் அதை எடுக்கக் குனிந்தார்.

"அத எடுக்காதப்பா, அது பூனைக்கு" என்றார் மாரிமுத்து மாமா. "சோத்தப் போடு."