பிளைவுட் அலுவலகம்

தன் படத்துக்காகத் தானே ஆணி அடித்து நிறுத்திய பொய் அலுவலகத்தின் முன்னால், படம் பிடிக்க அனுமதி கேட்டு, ரஸ்மானே காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர். எல்லாரும் நிஜ ஆட்கள், நிஜக் காகிதங்கள்.

ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி. குமாஸ்தா கதவைச் சாத்துகிறான், வரிசை அப்படியே நிற்கிறது. அதோடு படம் முடிந்தது. ஒன்பது வருஷப் படம். கேமரா வாடகைக் கேமரா. மாலை ஆறு மணிக்குச் சொந்தக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் படம் இல்லை.

நடந்தது இதுதான். ஆப்பிரிக்காவில், வாகடூகு நகரத்தில், சிமெண்டுக் கிடங்காகிப்போன ஒரு சினிமாக் கொட்டகை வாசலில், பிளைவுட்டில் ஓர் அலுவலகம் போட்டான். மேசை, கொடி, தூசி பிடித்த ஃபைல்கள். ரப்பர் ஸ்டாம்புக்கு, அரசாங்கத்துக்குச் செய்து கொடுக்கிற அதே ஆளிடம் போனான். அந்த ஆளுக்கு ஒரே மாதிரிதான் செய்யத் தெரியும். குமாஸ்தா வேஷத்துக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பூரைமா.

"நான் கட் சொல்ற வரைக்கும் நீ குமாஸ்தாதான். யார் வந்தாலும் மாறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னான் ரஸ்மானே.

பூரைமா நல்ல நடிகன். அதுதான் வினை.

அந்தக் கடைசி ஷாட்டின் நடுவில் ஜெனரேட்டர் நின்றது. எல்லாரும் அதைப் பார்க்க ஓடினார்கள். ரஸ்மானே கட் சொல்ல மறந்துவிட்டான். அதைச் சரிபண்ண எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் பூரைமா காலையில் வந்து உட்கார்ந்தான், சாயங்காலம் வீட்டுக்குப் போனான். குமாஸ்தாவும் அப்படித்தானே?

ஒருத்தி மகனின் பிறப்புச் சான்றிதழோடு வந்தாள். பூரைமா ஸ்டாம்ப் குத்தினான். நிஜ அலுவலகத்தில் நாலு மாசம் ஆகிற வேலை, இங்கே நாலு நிமிஷம். பள்ளிக்கூடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஊரே திரண்டு வந்துவிட்டது.

இந்த அலுவலகத்தை இழுத்து மூட, தோயே என்ற மேலதிகாரி காரில் வந்திறங்கினார். அவர் சாமோ இனம், பூரைமா மோசி இனம். இரண்டு இனத்துக்கும் பரம்பரையாகக் கேலி உறவு. எப்படித் திட்டினாலும் கோபப்படக் கூடாது.

"வாடா என் அடிமையே! எஜமான் வேலையா இருக்கேன்ல? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு" என்றான் பூரைமா.

கோபப்பட வழியில்லை. தோயே சிரித்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் எழுந்திருக்கிற பழக்கம் அவர்கள் இலாகாவில் கிடையாது. அங்கிருந்தே அறிக்கை எழுதினார்: 'மேற்படி இடத்தில் வரிசை உள்ளது. வரிசை உள்ள இடம் அலுவலகம். ஆகவே இது அலுவலகம்.' மறுநாளே மேலிடம் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

இன்றைக்கு மாலை ஐந்தரைக்குத்தான் பூரைமாவின் மேசை முன்னால் ரஸ்மானேயின் முறை வந்தது.

"அடுத்து!"

"டேய் பூரைமா, நான்தான்டா."

"பேரு?"

"நேத்து உனக்குப் பயறுச் சோறு வாங்கிக் குடுத்தவன்டா!"

"பேரைக் கேட்டா சோத்தைச் சொல்றீங்க. பேரு?"

"ரஸ்மானே. இங்க படம் எடுக்கணும்."

"அரசு அலுவலகத்துல படம் எடுக்கக் கூடாது."

"இது செட்டுடா! நான் போட்டது!"

"அப்ப செட்டுன்னு சான்றிதழ் கொண்டாங்க."

"அதை எங்க குடுப்பாங்க?"

"இங்கதான். திங்கக்கிழமை வாங்க."

தோயே ஸ்டூலிலிருந்து நிமிர்ந்தார். "சினிமாக்காரரா? சினிமா அனுமதிப் பிரிவு நாற்காலி காலியா கிடக்கு. ஆள் இல்லாததாலதான் அனுமதி குடுக்க முடியல. நீங்களே உட்காருங்க. உங்க மனுவை நீங்களே முறைப்படி பரிசீலிக்கலாம்."

கேமரா பிடிக்கிற சலமாதா ரஸ்மானேயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, மணி அஞ்சே முக்கால். கட் சொல்லுங்க. ஒரே வார்த்தை. பூரைமா மறுபடி நம்ம ஆளாயிடுவான், கதவைச் சாத்தச் சொல்லி எடுத்துடுவேன்."

பூரைமாவும் அவன் வாயையே பார்த்தான். பஞ்சர் கடையில் எட்டு நாள் வேலை குவிந்து கிடந்தது.

ரஸ்மானே திரும்பி வரிசையைப் பார்த்தான். இதுவரை மூன்று படம் எடுத்திருக்கிறான். மூன்றையும் வெளிநாட்டில்தான் போட்டார்கள். வந்தவர்கள் பதினோரு பேர், இரண்டு பேர் தூங்கினார்கள். மிச்சப் பேர், "ஆப்பிரிக்கப் படத்துல ஆடு எங்கே, பஞ்சம் எங்கே?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். இங்கே எழுபது பேர். ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்தான். நாற்காலி இதமாக இருந்தது.

"ஐயா" என்று ஒரு கிழவர் காகிதத்தை நீட்டினார். அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அண்ணே! கேமராவோட சொந்தக்காரன் வந்துட்டான்!"

"வரிசையில வாம்மா" என்றான் ரஸ்மானே, ஃபைலிலிருந்து தலை தூக்காமல். "திங்கக்கிழமை."

வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சொந்த ஆளுக்குக்கூடச் சலுகை காட்டாத அதிகாரி என்று ரொம்பத் திருப்தி.

கட் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள் சலமாதா. அவன் இன்றுவரை சொல்லவில்லை.